பிரசவ மரணங்களைக் குறைக்க ஊடகங்களால் என்ன செய்ய முடியும்?

தாய்மார்களின் உடல்நலத்தை மேம்படுத்துவதில் ஊடகங்களுக்கு என்ன பங்கு, விழிப்புணர்வு விளம்பரங்களைத் தாண்டி ஏதாவது உண்டா என்பது கேள்வி. நிறைய உண்டு. ஆனால் அதற்கு முன் ஊடகம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பது மாற வேண்டும். இப்போது வரும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் கர்ப்பிணியிடம்தான் பேசுகின்றன: இதைச் சாப்பிடு, இந்த மாத்திரையை விடாதே, இந்த மாதம் ஸ்கேன் எடு. அவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதுதான். ஆனால் நெருக்கடி வரும்போது அவள் உயிர் இன்னும் இரண்டு தரப்பாரின் கையில் இருக்கிறது. எப்போது மருத்துவமனைக்குக் கிளம்புவது என்று முடிவு செய்யும் வீட்டார் ஒரு தரப்பு. அவள் போய்ச் சேரும் இடத்தில் மருத்துவரும் ரத்தமும் மருந்தும் தயாராக இருப்பதற்குப் பொறுப்பானவர்கள் இன்னொரு தரப்பு. இந்த இரண்டு தரப்பிடமும் பேசும் ஊடகம்தான் உயிர்களைக் காக்கும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நிலவரம். உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2023-ல் கர்ப்பம், பிரசவம் சார்ந்த காரணங்களால் உலகம் முழுவதும் சுமார் 2,60,000 பெண்கள் இறந்தார்கள். நாளொன்றுக்கு 700-க்கும் மேல். இவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் அதிகமான மரணங்கள் ஏழை நாடுகளிலும் கீழ்நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலும் நடந்தவை. 2000-ஐ ஒப்பிட்டால் மரண விகிதம் 40 சதவீதம் குறைந்திருக்கிறது, அது பெரிய சாதனை. இருந்தும் 2023-ல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 197 மரணங்கள். 2030-க்குள் இதை 70-க்குக் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு.

எதனால் இறக்கிறார்கள்? ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு, கிருமித்தொற்று, பாதுகாப்பற்ற கருக்கலைப்பு. இவற்றில் எதுவும் மருத்துவத்துக்குப் புதிரல்ல. ரத்தப்போக்குக்கு ஆக்ஸிடோசின், வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட், தொற்றுக்கு ஆன்டிபயாடிக் என்று பல பத்தாண்டுகளாகவே மருந்துகள் இருக்கின்றன. மருந்து இருந்தும் மரணம் நடக்கிறது என்றால் இடையில் நேரம் எங்கோ வீணாகிறது என்று பொருள்.

அந்த நேரம் எங்கே போகிறது என்பதை 1994-ல் செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். உதவி தேட முடிவு செய்வதில் ஆகும் தாமதம் முதலாவது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதில் இரண்டாவது. போய்ச் சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைப்பதில் மூன்றாவது. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் இன்றுவரை "மூன்று தாமதங்கள்" என்றுதான் பேசுகிறார்கள். ஊடகத்தின் வேலையை அளக்கவும் இதுவே நல்ல அளவுகோல். ஒரு நிகழ்ச்சியோ செய்தியோ இந்த மூன்றில் எந்தத் தாமதத்தைக் குறைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எதையும் குறைக்கவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

முதல் தாமதம் வீட்டுக்குள் நடக்கிறது. கடைசி மாதங்களில் விடாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குவது, மேல்வயிற்றில் வலி. இவை ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். ஆனால் "மாசமாக இருந்தால் இதெல்லாம் சகஜம்தான்" என்று ஒரு மூத்தவர் சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. தனக்கும் அப்படி இருந்தது, தான் பிழைத்துக்கொண்டோம் என்ற அனுபவத்தில் சொல்கிறார். பிழைக்காதவர்கள் வந்து தங்கள் அனுபவத்தைச் சொல்ல முடியாதே. அந்த இடைவெளியைத்தான் ஊடகம் நிரப்ப வேண்டும்: எது சகஜம், எது ஆபத்து, எந்த அறிகுறி வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதை வீட்டில் முடிவெடுக்கும் ஒவ்வொருவர் காதிலும் போட வேண்டும்.

இதற்கு நாடகத் தொடர்கள் அளவுக்கு வலுவான கருவி வேறில்லை. நிபுணர் உரையாடலை ஒருவர் கேட்பார், நாடகத்தை வீடே உட்கார்ந்து பார்க்கும். தென்னாப்பிரிக்காவில் 1994-ல் தொடங்கிய 'சோல் சிட்டி' தொடர் தன் முதல் பருவத்திலேயே தாய்-சேய் நலத்தைக் கையில் எடுத்தது. கதையில் வரும் மாமியாரோ கணவரோ தயங்கி நிற்கும்போது, பார்க்கிற மாமியாரும் கணவரும் தங்களையே அங்கே பார்க்கிறார்கள். அவர்களை நேரடியாகக் குற்றம் சொல்லியிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் வழக்கமான தொடர்களும் திரைப்படங்களும் பிரசவத்தைக் காட்டும் விதத்தில் எனக்குப் பெரிய குறை உண்டு. பனிக்குடம் உடையும், பெண் அலறுவாள், குழந்தை அழும் சத்தம் கேட்கும், எல்லோரும் சிரிப்பார்கள், காட்சி முடிந்துவிடும். தாய்க்கு மிக ஆபத்தான நேரங்களில் ஒன்று அந்த அழுகைக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா, கருப்பை சுருங்குகிறதா, எவ்வளவு ரத்தம் போகிறது என்று ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டிய நேரம் அது. வீட்டார் எல்லோரும் குழந்தையைச் சுற்றி நிற்க, தாய் தனியாகக் கிடக்கும் நேரமும் அதுதான். குழந்தை அழுத பிறகும் கேமரா இரண்டு நிமிடம் தாயின் முகத்தில் நின்றால், பார்க்கிறவர்களின் கண்ணும் அங்கே போகும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. கதை எழுதுகிறவர்கள் மனது வைத்தால் போதும்.

அந்த ஆபத்தும் ஒரு நாளில் முடிவதில்லை. கர்ப்பம் முடிந்து 42 நாட்கள்வரை நடக்கும் மரணத்தையும் பேறுகால மரணமாகக் கணக்கெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மரண மறுஆய்வுக் குழுக்களின் தரவுகளைத் தொகுத்தபோது, கர்ப்பம் சார்ந்த மரணங்களில் பாதிக்கும் மேல் பிரசவம் முடிந்து ஒரு வாரத்துக்குப் பிறகு, ஓராண்டுக்குள் நடந்தவை என்று தெரியவந்தது. ஐந்தில் நான்குக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை. பிரிட்டனில் பிரசவத்துக்கு ஆறு வாரம் முதல் ஓராண்டுவரை, கர்ப்பமும் பிரசவமும் நேரடிக் காரணமாகக் கருதப்படும் மரணங்களில் தற்கொலை முன்னணிக் காரணமாக இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றி ஊடகங்கள் இப்போதுதான் கொஞ்சம் பேச ஆரம்பித்திருக்கின்றன. அதுவும் பிரபலங்கள் யாராவது சொன்னால்தான். "குழந்தை நல்லபடியாகப் பிறந்தாச்சு, இனி என்ன அழுகை" என்று கேட்கும் வீடுகளுக்கு அந்தப் பேச்சு இன்னும் போய்ச் சேரவில்லை.

சரி, சொன்னால் கேட்கிறார்களா? இதற்கும் ஆய்வு இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் 2012 முதல் 2015 ஜனவரிவரை ஒரு பெரிய வானொலிப் பிரசாரம் நடந்தது. ஒரு நிமிட விளம்பர நாடகங்கள் ஒரு நாளைக்குப் பத்து முறை அளவுக்கு, உள்ளூர் மொழிகளில். சில பகுதிகளில் ஒலிபரப்பி, சில பகுதிகளில் ஒலிபரப்பாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முக்கிய நோக்கம் குழந்தை மரணங்களைக் குறைப்பது. நோயுற்ற குழந்தைகளை மருத்துவ மையத்துக்குக் கொண்டுவருவது முதல் ஆண்டில் 35 சதவீதம் கூடியது. கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் புதிதாக வருவது 6 சதவீதமும், மையங்களில் பிரசவம் 7 சதவீதமும் கூடின. ஆனால் குடும்பங்களிடம் நேரடியாக எடுத்த கணக்கெடுப்பில் குழந்தை மரணம் குறைந்ததை நிரூபிக்க முடியவில்லை. எனக்கு இந்த முடிவின் இரண்டு பாதியும் முக்கியம். வானொலி மக்களை வாசல்வரை கொண்டுவரும். வாசலுக்கு உள்ளே என்ன கிடைக்கிறது என்பதை வானொலியால் தீர்மானிக்க முடியாது.

இன்னொரு ஆய்வும் நினைவுக்கு வருகிறது. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் பெண்கள் குழுக்கள் மாதம் ஒருமுறை கூடி, ஒரு உள்ளூர்ப் பெண் வழிநடத்த, பட அட்டைகளை வைத்து பிரசவம் பற்றிப் பேசினார்கள். 2004-ல் வெளியான முடிவின்படி, குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளம் குழந்தை மரணம் 30 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கே யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. என்ன பிரச்சினை, என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். ஊடக நிகழ்ச்சி தயாரிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒலிபரப்பு முடிந்த பிறகு வீட்டிலும் தெருவிலும் பேச்சு தொடர்ந்தால்தான் பழக்கம் மாறும். அதனால் ஒரு கேள்வியோடு முடியும் நிகழ்ச்சி, பத்து அறிவுரைகளோடு முடியும் நிகழ்ச்சியைவிட மேல்.

கைபேசி வந்த பிறகு இது இன்னும் நெருக்கமாகிவிட்டது. தென்னாப்பிரிக்க அரசு 2014 ஆகஸ்டில் 'மாம்கனெக்ட்' என்ற சேவையைத் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு அவர்கள் இருக்கும் மாதத்துக்கு ஏற்ற செய்திகள், அந்நாட்டின் அப்போதைய 11 அதிகாரபூர்வ மொழிகளில். இந்தியாவில் 'கில்காரி' சேவை எழுத்துக்குப் பதில் குரலில் பேசுகிறது. கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒன்றாக 72 குரல் பதிவுகள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் எட்டும் என்பது இதன் பலம். ஆனால் பல வீடுகளில் பதிவு செய்த எண் கணவருடையது. அழைப்பு வரும்போது கைபேசி அவர் சட்டைப்பையில் வேலையிடத்தில் இருக்கிறது. இதைத் தடங்கலாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எப்படியும் அவர் காதில்தான் விழுகிறது என்றால், அவரிடமே பேசிவிடலாமே. வண்டிக்கு யாரிடம் சொல்லி வைத்திருக்கிறாய், அவசரத்துக்குப் பணம் எடுத்து வைத்தாயா, ரத்தம் கொடுக்க யார் தயார் என்று கேட்டால், முதல் தாமதமும் இரண்டாவது தாமதமும் சேர்ந்தே குறையும்.

இரண்டாவது தாமதத்தில் ஊடகம் செய்யக்கூடியது குறைவு, இருந்தாலும் இருக்கிறது. அவசர ஊர்தி எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வது, மழைக்காலத்தில் எந்தப் பாதை அடைபட்டிருக்கிறது என்று அறிவிப்பது, பாலம் இல்லாத ஊரைப் பற்றி எழுதுவது. இவை உள்ளூர் செய்தியாளர்களின் அன்றாட வேலை. பாலத்தைப் பற்றிய செய்தியில், மறுகரையில் எத்தனை கர்ப்பிணிகள் இருக்கிறார்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்தால் அந்தச் செய்தியின் எடையே வேறு.

மூன்றாவது தாமதத்துக்கு வருவோம். இங்கேதான் இதழியலுக்குப் பெரிய வேலை இருக்கிறது. மருத்துவமனைக்குள் வந்த பிறகும் ஒரு பெண் ஏன் இறந்தாள் என்ற கேள்வியை வெளியில் இருந்து கேட்கக்கூடியவர்கள் குறைவு. குடும்பத்தார் துக்கத்தில் இருப்பார்கள், நிர்வாகத்துக்குப் பேச விருப்பம் இருக்காது.

அயர்லாந்தில் 2012 அக்டோபரில் சவிதா ஹலப்பனவர் என்ற 31 வயதுப் பல்மருத்துவர், 17 வாரக் கர்ப்பம் கலைந்துகொண்டிருந்த நிலையில் மருத்துவமனையில் சேர்ந்தார். காப்பாற்ற முடியாத கருவை அகற்றக் கேட்டும், கருவின் இதயத் துடிப்பு நிற்கும்வரை மறுக்கப்பட்டது. செப்சிஸ் எனும் கடும் தொற்றால் அவர் இறந்தார். நவம்பரில் 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழ் இதை வெளியிட்ட பிறகு நாடே அதிர்ந்தது. அதிகாரபூர்வ விசாரணை, உயிரைக் காத்திருக்கக்கூடிய 13 வாய்ப்புகள் தவறவிடப்பட்டதாகக் கண்டறிந்தது. கர்ப்பிணிகளின் உடல்நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டறியும் தேசிய முறை 2013-ல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு, தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தால் கருக்கலைப்பை அனுமதிக்கும் புதிய சட்டம் வந்தது. 2018-ல் பொது வாக்கெடுப்பு, கருக்கலைப்புத் தடையை நீக்கி அரசியலமைப்பையே மாற்றியது. அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால், அது ஒரு வீட்டின் துக்கமாக மட்டுமே முடிந்திருக்கக்கூடும்.

அமெரிக்காவில் 'புரோபப்ளிக்கா' என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனமும் 'என்.பி.ஆர்.' வானொலியும் சேர்ந்து 2017-ல் பேறுகால மரணங்கள் பற்றி நீண்ட தொடர் ஒன்றை வெளியிட்டன. பணக்கார நாடுகளில் அமெரிக்கா மட்டும் ஏன் பின்தங்கி நிற்கிறது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒவ்வொரு மரணத்தையும் மறுஆய்வு செய்ய மாநிலங்களுக்கு நிதி தரும் சட்டம் 2018 டிசம்பரில் கையெழுத்தானது. அதே ஆண்டின் தொடக்கத்தில், டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், பிரசவத்துக்குப் பின் தன் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்ததையும், தானே ஸ்கேன் எடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டியிருந்ததையும் வெளிப்படையாகப் பேசினார். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் பேறுகால மரண விகிதம் வெள்ளையினப் பெண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. உலகமே அறிந்த ஒருவர் சொல்லும்போதே இவ்வளவு போராட வேண்டியிருந்தால், பெயர் தெரியாத பெண்ணுக்கு என்ன நடக்கும் என்ற கேள்வி அப்போது பலருக்கு எழுந்தது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு பெண் இறந்தவுடன் ஒரு மருத்துவரின் படத்தைப் போட்டு "அலட்சியத்தால் பலி" என்று தலைப்பு வைப்பது எளிது. அதன் விளைவு என்ன தெரியுமா? சிக்கலான கேஸ் வந்தால் தொடவே பயந்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். வழியில் உயிர் போகும். தாமதத்தைக் குறைக்க வேண்டிய செய்தி, புதிதாக ஒரு தாமதத்தை உண்டாக்கிவிடும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் 1952 முதல் ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் ரகசிய விசாரணை முறையில் ஆராய்ந்து வருகிறார்கள். யார் மீதும் பழி சுமத்தாமல், எங்கே ஓட்டை இருக்கிறது என்று மட்டும் பார்ப்பது அதன் வழி. உண்மையான அலட்சியம் இருந்தால் அதை எழுதத்தான் வேண்டும். அப்போதும், அன்று இரவு பணியில் எத்தனை பேர் இருந்தார்கள், ரத்த வங்கியில் என்ன இருந்தது, மயக்க மருத்துவர் எப்போது வந்தார் என்பதும் சேர்ந்து வர வேண்டும்.

அப்புறம், தீர்வுகளும் செய்திதான். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே தோன்றும். தாயின் அடியில் அளவு குறியிட்ட ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து ரத்தத்தை அளந்து, அளவு மீறியதும் எல்லாச் சிகிச்சைகளையும் ஒரே மூச்சில் தொடங்கும் முறை 'இ-மோட்டிவ்' என்ற ஆய்வில் சோதிக்கப்பட்டது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவைச் சிகிச்சை, அதனால் வரும் மரணம் ஆகியவற்றைச் சேர்த்து எடுத்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. 2023-ல் முடிவு வந்தது. "உங்கள் பிரசவ வார்டில் இந்தப் பை இருக்கிறதா?" என்று எந்த ஊர் செய்தியாளரும் போய்க் கேட்கலாம். ஒரு செய்திக்கு அந்தக் கேள்வியே போதும்.

ஊடகம் செய்யும் தீங்கையும் சொல்லாமல் விட முடியாது. குழந்தைப் பால்பவுடர் விளம்பரங்கள் தாய்ப்பாலின் இடத்தைப் பிடித்ததால்தான் 1981-ல் உலக சுகாதார சபை அவற்றைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிமுறையைக் கொண்டுவந்தது. இன்று அதே விளம்பரம், தாய்மார்களின் இணையக் குழுக்களிலும் சமூக ஊடகப் பிரபலங்களின் பேச்சிலும், விளம்பரம் என்றே தெரியாமல் வருகிறது. வதந்தி இன்னும் மோசம். கென்யாவில் 2014-ல் பெண்களுக்குப் போடப்பட்ட டெட்டனஸ் தடுப்பூசியில் மலடாக்கும் மருந்து கலந்திருப்பதாகப் பரவிய பேச்சை ஊடகங்கள் இரு தரப்பு வாதம்போல் வெளியிட்டபோது பயம்தான் பெருகியது. கொரோனா காலத்திலும் இதே கதை. 2021-ன் பிற்பகுதியில், இங்கிலாந்தில் மிகத் தீவிர சிகிச்சை தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தடுப்பூசி போடாத கர்ப்பிணி. வதந்தியை மறுக்கும்போது தலைப்பிலேயே உண்மையைச் சொல்ல வேண்டும். வதந்தியைத் தலைப்பாக வைத்துவிட்டு ஐந்தாம் பத்தியில் மறுத்தால், பலர் தலைப்போடு நின்றுவிடுவார்கள்.

பெண்களின் குரலைக் கேட்பதும் ஊடகத்தின் வேலை. 'ஒயிட் ரிப்பன் அலையன்ஸ்' அமைப்பு 114 நாடுகளில் ஏறக்குறைய 12 லட்சம் பெண்களிடம், மகப்பேறு சேவையில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டது. அவர்கள் முதலில் கேட்டது மரியாதையும் கண்ணியமுமான கவனிப்பு. பிரசவ அறையில் திட்டும் அடியும் வாங்கிய பெண் அடுத்த முறை வரத் தயங்குவாள், அது மறுபடியும் முதல் தாமதம். மாம்கனெக்டில் பெண்கள் புகாரும் பாராட்டும் அனுப்ப வழி வைத்ததை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

கடைசியாக, செய்தி எழுதுகிறவர்களுக்கு நடைமுறையில் சில விஷயங்கள். பேறுகால மரணம் பற்றி எழுதும்போது நேரத்தைப் பின்தொடருங்கள்: முதல் அறிகுறி எப்போது, கிளம்பியது எப்போது, முதலில் போன இடம் எது, எத்தனை இடங்களில் திருப்பி அனுப்பினார்கள், ரத்தம் எப்போது கிடைத்தது. குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் பெயரும் படமும் வேண்டாம். கருக்கலைப்பு தொடர்பானதாக இருந்தால் இன்னும் கவனம். இறந்தவளின் ஒழுக்கத்தை அலசும் ஒரு வரிகூட வரக் கூடாது. கட்டுரையின் பக்கத்திலேயே ஆபத்து அறிகுறிகளையும் அவசர எண்ணையும் போடுங்கள், அன்று படிக்கும் யாராவது ஒருவருக்கு அது தேவையாக இருக்கும். ஓராண்டு கழித்து அதே மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், மறுஆய்வில் என்ன பரிந்துரைத்தார்கள், அதில் எது நடந்தது, எது கோப்பிலேயே கிடக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அந்த இரண்டாவது கட்டுரையைத்தான் மிகக் குறைவான பேர் எழுதுகிறார்கள்.